புலியடி எண்ணிய கதை

இலங்கையிலே புலியெனப் பொதுவாக வழங்கப்படுவது சிறுத்தையே. இங்குக் கூறப்படுவது இந்தியக் காடுகளில் வாழும் வேங்கையைப் பற்றியது. பெரும்பாலும் இரவில் நடந்து பகலில் மறைந்திருக்கும் அவ்விலங்கு, ஈரமணலிலும் புழுதி படிந்த வண்டிப்பாதையிலும் தன் வருகையைப் பதித்துவிட்டுப் போகின்றது. அதனை வாசிக்கும் வித்தை வனவாசிகளுக்கும் வேட்டைக்காரருக்கும் நெடுங்காலமாய்ப் பழகியது. நாய், நரி என்பவற்றின் தடத்தில் நகக்குறி தெரியும். நகத்தை உள்ளிழுத்து நடக்கும் வேங்கையின் தடத்தில் அது பெரும்பாலும் தெரிவதில்லை. ஆணின் பின்னடி ஏறக்குறையச் சதுரமாய்ப் பதியும். பெண்ணினது சற்றே நீண்டு, விரல்கள் ஒடுங்கித் தோன்றும் என்பர்.

இவ்வித்தையைக் கணக்கெடுப்பு முறையாக்கியவர் ஒறீசா மாநில வன அதிகாரியான சரோஜ் ராஜ் சௌதுரி. 1966ஆம் ஆண்டளவில் அவர் வகுத்த முறை மிக எளியது. பின் இடதுகாற் சுவட்டின்மேற் கண்ணாடித் தகட்டைப் பிடித்து, அதன் உருவை வரைந்து, தாளிற் பெயர்த்துக்கொள்ளல் வேண்டும். ஒவ்வொரு வேங்கைக்கும் தனிச்சுவடு உண்டாகையால், படங்களை ஒப்பிட்டு விலங்குகளை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம் என்பது அவர் துணிபு. 1972இல் இந்தியா முழுவதும் நடந்த முதற் கணக்கெடுப்பு அடிச்சுவடுகளைக் கொண்டே நிகழ்ந்தது. கண்ட தொகை 1827. அடுத்த ஆண்டே புலிப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கிற்று.

ஆனால் மண் எங்கும் ஒரே தன்மையுடையதன்று. ஒரே வேங்கையின் அடி இறுகிய தரையிற் சிறுத்தும் சேற்றில் விரிந்தும் பதியும். நடையின் வேகத்தாலும் மாறும். போதாததற்கு, வரைபவர் கையும் ஆளுக்காள் வேறு. உல்லாஸ் காரந்த் என்னும் ஆய்வாளர் 1980களிலேயே இக்குறைகளை எடுத்துக்காட்டினார். ஆயினும் முறை நீடித்தது. செலவு குறைவு, காவலரும் கற்றுக்கொள்ளலாம், ஏறும் தொகையை எந்த அதிகாரிதான் வெறுப்பார்?

இராசத்தானிலுள்ள சரிஸ்காக் காட்டில் 2004ஆம் ஆண்டுக் கணக்கு 16 முதல் 18 வேங்கைகள் உண்டென்றது. 2005இல் தேடிச் சென்றோர் ஒன்றையேனும் காணவில்லை. கள்ளவேட்டைக்காரர் அனைத்தையும் கொன்றிருந்தனர். ஏட்டிலே புலி இருந்தமையால் காட்டிலே அது அழிந்ததை எவரும் காலத்தில் உணர்ந்திலர்.

அதன்பின் அடிச்சுவட்டால் எண்ணும் முறை கைவிடப்பட்டது. தானியங்கிக் கமராக்கள் எடுக்கும் படங்களில் உடல்வரிகளைக் கொண்டு வேங்கைகள் இனங்காணப்படலாயின. 2006இல் தொடங்கி 2008இல் வெளியான மதிப்பீடு 1411. எனினும் அக்கமராவை எந்தப் பாதையோரம் நாட்டுவதென்று அறிய, வனக்காவலர் இன்றும் விடியலிற் குனிந்து மண்ணையே பார்க்கின்றனர்.