மூன்று கட்டா, பத்து வருஷம்

சாயங்காலம் பள்ளி மைதானத்தில் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "மாஸ்டர், பிளாக் பெல்ட் எப்போ கிடைக்கும்?" பெல்ட் ஏற்பாடு ஜூடோவிலிருந்து வந்தது. எங்கள் ஷோட்டோகான் வழிக்கு மூலவரான ஃபுனகோஷி கிச்சின் தம் மாணவர்களுக்கு முதன்முதலாகக் கறுப்புப் பட்டை கொடுத்தது 1924-இல்தான். அவர் கற்ற காலத்தில் இடுப்பில் கட்டிக் காட்ட ஒன்றும் கிடையாது.

1868-இல் ஒக்கினாவாவின் ஷூரியில் பிறந்த குறைமாதப் பிள்ளை அவர். சரியான நோஞ்சான். பள்ளித் தோழனின் அப்பா அசாதோதான் முதல் ஆசான். வெளியில் தெரியாமல் கற்க வேண்டிய காலம் என்பதால், இரவில் கைவிளக்கோடு நடந்து போவார். விடியும் நேரத்தில் வீடு திரும்புகிறவரைப் பார்த்து அக்கம்பக்கத்தில் தப்பாகப் பேசியிருக்கிறார்கள்.

முற்றத்தில் செய்ததையே செய்ய வேண்டும். அசாதோ பார்த்துக்கொண்டிருப்பார்; இன்னொரு தடவை என்பார். பாராட்டு அபூர்வம். இன்று தெக்கி என்கிறோமே, அந்த மூன்று கட்டாக்களுக்கு (வரிசை மாறாமல் செய்யும் அசைவுத் தொடர்கள்) மட்டும் பத்து வருஷம் போயிருக்கிறது. கால் பக்கவாட்டில் மட்டுமே நகரும். துள்ளலோ பாய்ச்சலோ இல்லை. என் மாணவர்களுக்கு மூன்றாம் வாரமே கொட்டாவி வந்துவிடும்.

அந்தப் பத்து வருஷத்துக்கு வீட்டில் விலை கொடுத்தவர் வேறொருவர். 1888-இல் தொடக்கப்பள்ளி உதவி ஆசிரியரானவருக்கு மாதம் 3 யென் சம்பளம்; வீட்டிலோ பிற்பாடு பத்து வயிறு. பதவி உயர்வு வந்தபோது, தூரத்து ஊருக்குப் போனால் ஆசான்களைப் பிரிய வேண்டுமே என்று மறுத்துவிட்டார். மனைவிதான் நிலம் பிடித்துக் காய்கறி போட்டார், தறியில் துணி நெய்தார். அதற்கு நடுவில் கட்டாவும் பழகினார்.

1922-இல் கல்வி அமைச்சகத்தின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்காக டோக்கியோ போனவர், அங்கேயே தங்கிவிட்டார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஒக்கினாவா மாணவர் விடுதியில் ஒரு சிறிய அறை. வாடகைக்குப் பதில் அறை பெருக்குவது, தோட்ட வேலை, இரவுக் காவல். சமையற்காரருக்குக் கராத்தே சொல்லிக்கொடுத்துச் சாப்பாட்டுச் செலவைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் பழைய தொப்பியையும் ஒக்கினாவாத் துணியையும் அடகுக் கடைக்குக் கொண்டுபோனபோது, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் பணம் கிடைத்தது. கடைச் சிப்பந்தியின் தம்பி இவரிடம் பயில்கிறவன்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. தோட்டம் பெருக்கிக்கொண்டிருந்தவரிடம் ஒரு பத்திரிகைக்காரர் வந்து, கராத்தே ஆசிரியர் ஃபுனகோஷி எங்கே என்று கேட்டார். "கொஞ்சம் இருங்கள் ஐயா" என்று உள்ளே ஓடி, கிமோனோ மாற்றிக்கொண்டு வந்து, நான்தான் ஃபுனகோஷி என்று வணங்கினாராம். இதில் குறும்பு பாதி என்றுதான் நினைக்கிறேன்.

மனைவி அவரோடு டோக்கியோ போகவில்லை. முன்னோர் வழிபாட்டை விட்டுவர முடியாது என்று ஒக்கினாவாவிலேயே இருந்துகொண்டார். 1945-இல் குண்டுவீச்சில் டோக்கியோவில் ஃபுனகோஷியின் பயிற்சிக்கூடம் எரிந்தது. போரில் ஒக்கினாவாவும் அழிந்தது. அகதியாகக் கியூஷூத் தீவுக்கு வந்த மனைவியுடன் அங்குள்ள ஓய்தாவில் போய்ச் சேர்ந்துகொண்டார். 1947-இல் அந்த அம்மாள் இறந்துபோனார். எண்பதை நெருங்கிய ஃபுனகோஷி டோக்கியோவுக்கு ரயில் ஏறினார், மறுபடி வகுப்பெடுக்க. ஷோட்டோகான் வகுப்புகளில் அவர் படத்துக்கு வணக்கம் வைத்துத்தான் தொடங்குகிறோம். அந்த அம்மாளின் படத்தை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை.