வெள்ளைச் சட்டைக் குழந்தைகளும் ஒரு பதிப்பாசிரியையும்

1920 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து ‘தி பிரவுனீஸ் புக்’ என்ற புதிய மாத இதழ் வந்தது. விலை 15 சென்ட். அட்டையில் வெண்ணிற நடன உடையில் கைகளை உயர்த்தி நிற்கிறாள் ஒரு கறுப்பினச் சிறுமி. உள்ளே இன்னொரு படம். கறுப்பின மக்கள் கொல்லப்படுவதைக் கண்டித்து 1917 ஜூலையில் ஐந்தாம் அவென்யூவில் சுமார் பத்தாயிரம் பேர் கோஷமே எழுப்பாமல் நடந்தார்களே, அந்த ஊர்வலத்தில் வெள்ளை உடுத்தி நடந்த குழந்தைகளின் படம். ஆடும் குழந்தையையும் அணிவகுக்கும் குழந்தையையும் ஒரே இதழில் சேர்த்து வைக்கும் துணிச்சல் அதுவரை எந்த அமெரிக்கச் சிறுவர் இதழுக்கும் வந்ததில்லை.

அந்த இதழின் இலக்கிய ஆசிரியர் ஜெஸ்ஸி ரெட்மன் ஃபாசெட்.

இதழ் பிறந்ததற்கு ஒரு வேதனையான காரணம் உண்டு. கறுப்பின மக்களின் உரிமைக்குரலான ‘தி கிரைசிஸ்’ இதழை நடத்திவந்த டபிள்யூ.இ.பி. டுபாய்ஸ், ஆண்டுதோறும் அக்டோபரில் குழந்தைகள் சிறப்பிதழ் போடுவார். ஆனால் அதே ‘கிரைசிஸ்’தான் மாதாமாதம் படுகொலைச் செய்திகளையும் சொல்லியாக வேண்டும். 1919 கோடையில் அமெரிக்க நகரங்கள் இனக்கலவரத்தில் எரிந்தன. வெள்ளையர் தன்னை வெறுக்கும் அளவுக்குத் தானும் அவர்களை வெறுப்பதாக 12 வயதுச் சிறுமி ஒருத்தி எழுதிய கடிதம் டுபாய்ஸை உலுக்கியது. உண்மையை மறைக்கவும் கூடாது, பிஞ்சு மனத்தில் வெறுப்பை வளர்க்கவும் கூடாது. அப்படியானால் 6 முதல் 16 வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தனி இதழ் வேண்டும் என்று முடிவு செய்தார். அகஸ்டஸ் டில் நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். எழுத்துப் பொறுப்பு ஃபாசெட்டிடம் வந்தது.

1882-இல் நியூ ஜெர்சியில் பிறந்தவர் அவர். 1905-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, வாஷிங்டனில் கறுப்பின மாணவர்கள் படித்த புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் பல ஆண்டுகள் பிரெஞ்சும் லத்தீனும் கற்பித்தார். வகுப்பறையில் கழிந்த அந்த ஆண்டுகள் இதழில் தெரிகின்றன. ‘நீதிபதி’ என்ற பகுதியை அவரே எழுதினார். பல வயதுப் பிள்ளைகள் வழக்கோடு வருவார்கள்; எல்லோரையும் பேசவிட்டு, கடைசியில் நீதிபதியான பெரியவர் வாய் திறப்பார். ‘நடுவர் குழு’ என்ற பகுதி முழுக்க வாசகச் சிறுவர்களின் கடிதங்களுக்கு. பெற்றோருக்கும் தனிப்பகுதி இருந்தது.

முதல் இதழில் வந்த ஒரு சிறுவனின் கடிதம் இன்றும் படிப்பவரை நிறுத்திவிடும். கட்டடம் கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவன், பெரியவனானதும் நானும் இப்படி வீடுகளுக்கு வரைபடம் போடுவேன் என்கிறான். பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பையன் சிரித்துவிட்டு, கறுப்பினப் பையன்கள் வீடு வரைவதில்லை என்று சொல்லிவிடுகிறான். ஏன் வரைவதில்லை என்று ஆசிரியரிடம் கேட்கிறான் சிறுவன். இந்தக் கேள்விக்கு ஒரு வரிப் பதில் போதாது. கறுப்பின சாதனையாளர்களின் வாழ்க்கைக் கதைகளும், பட்டம் பெற்ற மாணவர்களின் புகைப்படங்களும், அந்தந்த மாதம் பெயரெடுத்த சிறுவர் சிறுமியர் பற்றிய குறிப்புகளும் தொடர்ந்து வந்தன. இதழ் முழுவதுமே அவனுக்கான பதிலாக இருந்தது.

1920-இன் பிற்பகுதியில் மெக்சிகோவிலிருந்து சில கவிதைகள் தபாலில் வந்தன. எழுதியவன் ஓர் இளைஞன். பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுத் தந்தையிடம் தங்கியிருந்தான். கவிதைகளில் சிலவற்றை ஏற்றுக்கொண்ட ஃபாசெட், மெக்சிகோ குழந்தைகளின் விளையாட்டுகளைப் பற்றியும் எழுத முடியுமா என்று கேட்டார். 1921 ஜனவரி இதழில் கவிதைகளும் வந்தன, விளையாட்டுகளும் வந்தன. அந்த இளைஞன்தான் லாங்ஸ்டன் ஹியூஸ்! சில மாதங்களில் அவன் அனுப்பிய இன்னொரு கவிதையை ஃபாசெட் ‘கிரைசிஸ்’ இதழுக்கு எடுத்துக்கொண்டார். ‘தி நீக்ரோ ஸ்பீக்ஸ் ஆஃப் ரிவர்ஸ்’ என்ற அந்தக் கவிதை 1921 ஜூனில் அச்சேறி, கறுப்பினக் கலை, இலக்கிய எழுச்சியான ஹார்லெம் மறுமலர்ச்சியின் அடையாளமாகவே ஆகிப்போனது. பின்னாளில் புகழ்பெற்ற நாவலாசிரியை நெல்லா லார்சனின் எழுத்து முதலில் அச்சானதும் ‘பிரவுனீஸ் புக்’கில்தான்.

நல்ல எழுத்து வந்தது, சந்தாதான் போதவில்லை. 24 இதழ்களோடு, 1921 டிசம்பரில் ‘பிரவுனீஸ் புக்’ நின்றது.

ஃபாசெட் ‘கிரைசிஸ்’ பணியை 1926 வரை தொடர்ந்தார். விலகும் நேரத்தில் பதிப்பகம் ஒன்றில் வேலை கிடைக்குமா என்று பதிப்புலகத்தை அறிந்த ஜோயல் ஸ்பிங்கார்னுக்குக் கடிதம் எழுதினார். தன் நிறம் சிக்கலாக இருந்தால் வீட்டிலிருந்தே செய்துதரவும் தயார் என்றார். அப்போது அவர் நாவல் எழுதி வெளியிட்டவர். ஒரு தலைமுறை எழுத்தாளர்களை வாசகர் முன் நிறுத்தியவர். ஆனாலும் பதிப்பக வேலை அமையவில்லை. நியூயார்க்கில் ஒரு பள்ளியில் மீண்டும் பிரெஞ்சு ஆசிரியையானார். அந்த வேலைக்கு நடுவே மேலும் மூன்று நாவல்களை எழுதினார். 1961-இல் மறைந்தார்.

இந்தப் பெண்ணின் திறமையை அமெரிக்கப் பதிப்புலகம் வீணடித்தது என்று தயங்காமல் சொல்லலாம். ஹியூஸ் மட்டும் மறக்கவில்லை. 1940-இல் வெளிவந்த தன் வாழ்க்கை வரலாற்றில், புதிய கறுப்பின இலக்கியம் பிறக்கப் பிரசவம் பார்த்த மூவரில் ஒருவராக ஃபாசெட்டைக் குறிப்பிட்டிருக்கிறார்.

ஃபாசெட்டுக்குக் கிடைக்காத பதிப்பக வேலை, ஹார்லெமில் வளர்ந்த ஓர் இளைஞருக்கு 1970-இல் கிடைத்தது. உயர்நிலைப் பள்ளியைப் பாதியில் விட்டுவிட்டு 17 வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர் அவர். பெயர் வால்டர் டீன் மையர்ஸ். அவர் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)