'விர்' என்றால் ஆண்

முதுகலை மொழிபெயர்ப்புத் தாளுக்காக மேரி வுல்ஸ்டன்கிராஃப்டின் சில பத்திகளைக் கொடுத்திருந்தேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் 'வர்ச்சூ' என்ற சொல்லை மாணவி ஒருவர் எல்லா இடத்திலும் 'கற்பு' என்றே எழுதியிருந்தார். சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே போனேன். பிறகு அகராதியைப் புரட்டினால், அந்தப் பொருளும் அதில் இருக்கிறது. அவரை மட்டும் குறை சொல்ல முடியவில்லை.

லத்தீனில் 'விர்' என்றால் ஆண். அதிலிருந்து 'விர்த்தூஸ்': ஆண்மை, போர்க்களத் துணிவு. நம் 'வீர'னுக்கு மூலமான வடமொழி 'வீர'வுக்கும் இதே வேர்தான். இச்சொல் ஆணிலிருந்து வந்ததென்று சிசரோவே வெளிப்படையாக எழுதினார். கிரேக்கத் தத்துவத்தின் 'அரெத்தே', அதாவது மேன்மை, லத்தீனுக்கு வந்தபோது அதற்கும் இந்த ஆண்மைச் சொல்லே வாய்த்தது. ரோமப் பெண்ணிடம் எதிர்பார்த்ததற்கோ தனிச்சொல் இருந்தது: 'புதிக்கித்தியா', உடலொழுக்கம். இத்தனைக்கும் 'விர்த்தூஸ்' இலக்கணப்படி பெண்பால். அதைத் தெய்வமாக்கியபோது தலைக்கவசம் அணிந்த பெண்ணாகத்தான் வடித்தார்கள். கல்லில் மட்டும் ஆட்சேபம் இல்லைபோலும்.

பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்த சொல், 16ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பெண்ணைக் குறிக்கும்போது கற்பு என்று சுருங்கிவிட்டது. ஆணுக்கு அது அவன் செய்தவற்றின் பெயர். பெண்ணுக்கு அவள் செய்யாதிருந்த ஒன்றின் பெயர்.

1762இல் ரூசோ தன் 'எமில்' நூலில், ஆணுக்கு இனியவளாக இருப்பதற்கென்றே சோஃபியை வளர்த்தார். 1792இல் வுல்ஸ்டன்கிராஃப்ட் அதற்குப் பதில் எழுதியபோது புதுச்சொல் எதையும் தேடவில்லை. பழைய சொல்லையே பிடித்துக்கொண்டு வழக்காடினார். அறம் பகுத்தறிவிலிருந்து வருவதென்றால் அதற்கு இரண்டு அளவுகோல்கள் எப்படி இருக்க முடியும்? படிக்க விடாமல் வைத்துவிட்டு அறத்தை மட்டும் எதிர்பார்ப்பது என்ன நியாயம்? நம் பக்கம், 'கற்பு' என்ற சொல்லைக் 'கல்' என்ற வேருக்குக் கொண்டுபோய், அது பெண்ணுக்கு மட்டும் உரியதல்ல என்று பெரியார் வாதிட்டதும் இதே வகை வழக்குதான்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவியிடம், "எங்கேயாவது உறுத்தலையாம்மா?" என்றேன்.

"ஒரு இடத்துல 'ஆண்களின் கற்பு'ன்னு வந்துச்சு மேடம். தப்பா இருக்குமோன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

ஆண்கள் கற்பை மதிக்காததுதான் பல கேடுகளுக்கும் காரணம் என்று வுல்ஸ்டன்கிராஃப்ட் அதே நூலில் உண்மையாகவே எழுதியிருக்கிறார். அந்த ஓரிடத்துச் சுழிப்பை மட்டும் அடித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டேன்.