பெட்டியைத் திறந்த பிறகு

செடிகளின் கடற்பயண வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வார்டியன் பெட்டியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கதை சுவையானதுதான். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்ட் 1829-ல் ஒரு கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு கண்ணாடிக் குப்பியில் மூடிவைத்தார். அதில் தானாக முளைத்த பெரணியும் புல்லும் வெளிநீர் இல்லாமலே வாழ்ந்தன. 1833-ல் கண்ணாடி பதித்த இரு மரப்பெட்டிகளில் சிட்னிக்குச் செடிகளை அனுப்பினார். அவை உயிரோடு போய்ச் சேர்ந்தன. அதற்குமுன் கப்பலேறிய செடிகளில் பெரும்பாலானவை உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் மடிந்தன.

ஆனால் பெட்டி தந்த பாதுகாப்புக்கு ஒரு விலை உண்டு. ஈரம் ததும்பும் காற்றில் பல மாதங்கள் வளர்ந்த தளிர், இலையின் மேல்தோலை மெழுகேற்றிக் கெட்டிப்படுத்துவதில்லை. இலைத்துளைகளும் சட்டென மூடப் பழகுவதில்லை. மூடியை அகற்றியதும் இலை இழக்கும் நீரை வேரால் ஈடுசெய்ய முடியாது. நெடுவழி கடந்த செடி, சேருமிடத்தில் வந்து வாடும். இன்று கூரியரில் வரும் ரோஜாக் கன்றுக்கும் இதே சங்கடம் உண்டு. வந்த அன்றே தொட்டி மாற்றி வெயிலில் வைப்பவர்கள் நட்டதைப் பார்க்கிறார்கள், துளிர்ப்பதைப் பார்ப்பதில்லை.

இதை விளக்க நீலகிரியைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மலேரியாவுக்குக் கொயினா வேண்டும். அதைத் தரும் சின்கோனா மரமோ ஆண்டீஸ் மலைக்குரியது. 1860-ல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் பெருவில் திரட்டிய கன்றுகளைப் பசிபிக் வழியாக நேரே இந்தியாவுக்குக் கொண்டுவர விரும்பினார். அது நடக்கவில்லை. கன்றுகள் பனாமா, இங்கிலாந்து, எகிப்து என்று சுற்றின. சூயஸ் கால்வாய் வெட்டி முடியாத காலம் அது. எகிப்தில் தரைவழி கடந்து மீண்டும் கப்பலேறி, செங்கடலின் வெக்கையில் வெந்து உதகைக்கு வந்தபோது உயிர் ஊசலாடியது. அங்கு எடுத்த முயற்சிகளும் பலிக்கவில்லை. பெட்டியில் குறையில்லை, வழியில்தான் குறை.

அடுத்து ஈக்வடாரில் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் நோயோடு போராடித் திரட்டிய செம்பட்டைச் சின்கோனா. தோட்டக்காரர் ராபர்ட் கிராஸ் அவற்றுடனேயே பயணம் செய்து, 1861 ஏப்ரலில் 463 கன்றுகளை உதகையில் சேர்த்தார். இனிமேலான பொறுப்பு உதகைத் தாவரவியல் பூங்காவின் மெக்ஐவருடையது. பெயர் பெற்றவர்கள் கொண்டுவந்தவர்கள். அதே அளவு பெருமை இவருக்கும் உரியது என்பேன். வந்த கன்றுகளைத் தாய்ச்செடிகளாகப் பேணி, வெட்டுத்துண்டுகளில் வேர்பிடிக்கவைத்துப் பெருக்கினார். சில ஆண்டுகளில் எண்ணிக்கை லட்சங்களைத் தொட்டது.

நிழலைப் பற்றியும் ஒரு வழக்கு இருந்தது. ஜாவாவில் டச்சுக்காரர்களுக்காக யுங்ஹுன் சின்கோனாவைக் காட்டுமரங்களின் அடர்நிழலில் நட்டார். சொந்தக் காட்டை ஒத்த சூழலே புதிய செடிக்கு நல்லது என்பது நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அங்கே மரங்கள் ஒல்லியாக ஓங்கின. மெக்ஐவர் திறந்த சரிவுகளுக்குத் துணிந்தார். தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் மரங்கள் நிலைத்தன. தொடக்கத்தில் காக்கும் நிழலே பின்னர் தளையாகிவிடும் என்பதை யுங்ஹுன் ஏற்கவில்லை. பட்டை உரித்த மரத்தைப் பாசியால் மூடினால் புதுப்பட்டை வளரும் என்பதும் மெக்ஐவர் காட்டிய வழியே.

குழி தோண்டியவர்களும் நீர் சுமந்தவர்களும் இந்த வரலாறுகளில் பெயரில்லாமலே போகிறார்கள். மலாயாத் தீபகற்பத்தின் பிரிட்டிஷ் குடியேற்றங்களிலிருந்து நாடுகடத்தப்பட்ட சீனக் கைதிகளும் நீலகிரிச் சிறைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். தண்டனை முடிந்தபின் சிலர் திரும்பிப் போகவில்லை. நடுவட்டத்துக்கு அருகே தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறியும் கொஞ்சம் காப்பியும் பயிரிட்டு, மாடு வளர்த்து வாழ்ந்த அவர்களுடைய குடும்பங்களை எட்கர் தர்ஸ்டன் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார்.