குடும்பப் படங்களில் ஒரு விமானப்படைத் தரைப்பணியாளர்: எளாவூர்ச் சான்றுகள் சில

இரண்டாம் உலகப் போர்க்கால இந்திய விமானப்படை பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் விமானிகளின் வரலாறாகவே அமைந்துள்ளன. விமானங்களைப் பழுது பார்த்தவர்களும் குண்டு ஏற்றியவர்களும் அவற்றில் பெயரின்றி நிற்கின்றனர். அன்று செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த எளாவூரில், ஒரு குடும்பத்தார் பாதுகாத்துவரும் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. படங்களில் இருப்பவர் கட்டுரையாளரின் பாட்டியுடைய தம்பி. "பாம் போடுற பிளேன்ல பறந்தவரு" என்பது குடும்ப வழக்கு. பணிச்சான்று எதுவும் எஞ்சாத நிலையில் அவ்வழக்கைச் சோதிக்கப் படங்களே முதன்மைச் சான்றுகள்.

சட்டைக் கையும் சட்டைப் பையும்

முதற்படம் நிழற்படக் கூடத்தில் எடுக்கப்பட்டது. மேற்கையில் இரண்டு இதழ் கொண்ட விசிறிச் சின்னம் தெளிவாகத் தெரிகிறது. அவர் விமானி என்பதற்குக் குடும்பத்தார் காட்டும் சான்று இதுவே. ஆனால் அது 'லீடிங் ஏர்கிராப்ட்மேன்' எனும் கீழ்நிலைப் பதவியின் சின்னம். விமானி இடப்பக்கச் சட்டைப் பைக்கு மேல் இரட்டைச் சிறகும், வழிகாட்டி, துப்பாக்கியாளர் போன்ற பிற பறக்கும் பணியாளர் ஒற்றைச் சிறகும் அணிவது விதி. படத்தில் அவ்விடம் வெறுமையாக உள்ளது. படம் எடுக்கப்பட்ட நாளில் அவர் தரைப்பணியாளர் என்பதில் ஐயமில்லை.

வட்டக்குறி

இரண்டாம் படமே மிகுந்த செய்தி தருவது. ஒற்றை எஞ்சின் விமானமொன்றின் அருகே, குண்டு ஏற்றிய தள்ளுவண்டியில் கைவைத்தபடி நால்வர் நிற்கின்றனர். பருத்த வட்ட எஞ்சின், உடலருகே பின்சாய்ந்து பின் நேராகும் இறக்கை விளிம்பு, நீண்ட கண்ணாடிக் கூண்டு ஆகியவற்றால் அது அமெரிக்கத் தயாரிப்பான 'வல்டி வெஞ்சன்ஸ்' என அறியலாம். இது ஏறத்தாழச் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு வீசும் இருவர் விமானம். இந்திய விமானப்படையில் 7ஆம், 8ஆம் படையணிகள் இவ்விமானத்தைப் போரில் பயன்படுத்தின. இரண்டும் 1942 டிசம்பர் 1 அன்று உருவானவை. முன்னது விசாகப்பட்டினத்திலும் பின்னது திருச்சிராப்பள்ளியிலும் தோன்றியது. 8ஆம் படையணி போருக்கு முன் தமிழ் மண்ணில் உருப்பெற்றது என்பதைத் தமிழில் எழுதியோர் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

விமான உடலில் உள்ள வட்டக்குறியில் நடுச்சிவப்பு இல்லை. ஜப்பானியரின் செஞ்சூரியக் குறியோடு மயக்கம் நேராதிருக்கக் கிழக்குப் போர்முனை விமானங்களில் சிவப்பு நீக்கப்பட்டது. எனவே கரிய வளையமும் வெளிறிய நடுவும் மட்டும் கொண்ட குறி, படத்தைப் போரின் பிற்பகுதிக்குக் கொண்டுவருகிறது. படத்தின் பின்புறம் பென்சிலால் "சிட்டகாங், மார்கழி" என்று எழுதப்பட்டுள்ளது. ஆண்டு இல்லை. எனினும் 8ஆம் படையணி சிட்டகாங் அருகே போர்ப்பணி தொடங்கியது 1943 டிசம்பரில். அடுத்த மார்கழிக்குள் அது வெஞ்சன்ஸைக் கைவிட்டு ஸ்பிட்பயருக்கு மாறிவிட்டது. ஆகவே இப்படம் 1943 டிசம்பர் இடைப்பகுதிக்கும் 1944 சனவரி இடைப்பகுதிக்கும் இடைப்பட்டது. ஆங்கில ஆண்டு எழுதாத கை தமிழ் மாதத்தை எழுதியது ஆய்வுக்குப் பேருதவியாயிற்று.

போர்ப்படம் அல்லாத போர்ப்படம்

குடும்பத்தார் சட்டமிட்டு மாட்டியிருப்பது மூன்றாம் படம். நான்கு எஞ்சின், இரட்டை வால் கொண்ட 'லிபரேட்டர்' முன் அவர் நிற்கிறார். "பர்மாவுல குண்டு போட்ட பிளேன்" என்பர். இதன் வட்டக்குறியிலோ மூன்று வளையங்கள் உள்ளன, நடுவளையம் கரியது. காவி, வெள்ளை, பச்சை வளையக்குறி 1950இல் வழக்குக்கு வந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தில் அது இவ்வாறே பதியும். போர் முடிந்தபின் கான்பூரில் கைவிடப்பட்டுக் கிடந்த லிபரேட்டர்களை இந்துஸ்தான் ஏர்கிராப்ட் நிறுவனம் செப்பனிட்டுத் தர, 1948 நவம்பரில் 5ஆம் படையணி அவற்றோடு தொடங்கப்பட்டது. சட்டமிட்ட படம் இவ்வாறு குடியரசுக் காலத்தது. உண்மையான போர்ப்படமோ பெட்டியடியில் கிடந்தது. அதிலிருந்த விமானம் சிறியது, அவர் சட்டையும் அழுக்கடைந்தது.

ஆவணமும் செவியும்

பிரிட்டிஷ் விமானப்படையின் முறையில் படையணிகள் பராமரித்த நடவடிக்கைப் பதிவேடுகளில் 541ஆம் படிவம் ஒவ்வொரு பறப்பிலும் சென்றவர் பெயரைத் தருகிறது. குண்டு ஏற்றியவர் பெயருக்கு அதில் இடமில்லை. விமானம் திரும்பிய நேரம் உண்டு. அதற்காகக் காத்திருந்தவர் எவர் என்பது இல்லை. இவ்விடைவெளியை வாய்மொழிச் சான்று ஓரளவு நிரப்புகிறது. அவருக்கு இளமையிலேயே வலக்காது மந்தம் என்று குடும்பத்தின் மூத்த பெண்மணி கூறினார். மேலிருந்து குண்டு போட்ட சத்தம் என்று அவர் காரணமும் சொன்னார். வெஞ்சன்ஸின் எஞ்சின் 1,600 குதிரைத்திறன் கொண்டது. அதைத் தரையில் முழு வேகத்தில் ஓட்டிச் சோதிக்கும்போது அருகே நின்றவர்கள் தரைப்பணியாளர்களே.