தாதிமை இல்லத்துக்கு வண்ணமும் தூரிகையும் கொண்டுபோகிறீர்களா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்

தாதிமை இல்லத்தில் ஒருவரின் நாள் எப்படிப் போகும்? குளிக்கும் நேரம், சாப்பிடும் நேரம், மருந்து நேரம், விளக்கு அணைக்கும் நேரம்... பெரும்பாலானவற்றை வேறு யாரோதான் முடிவுசெய்கிறார்கள். மருத்துவமனையில் நீண்டநாள் படுத்திருப்பவருக்கும் அப்படித்தான்.

அங்கே ஒருவர் வந்து, "எந்த நிறம் வேணும்?" என்று கேட்கிறார். சின்னக் கேள்விதான். ஆனால் அன்று முழுவதும் அந்த நோயாளி தானாக எடுக்கும் ஒரே முடிவு அதுவாக இருக்கலாம்.

சிங்கப்பூரில் 2030ஆம் ஆண்டுக்குள் நால்வரில் ஒரு குடிமகன் 65 வயதையோ அதற்கு மேற்பட்ட வயதையோ எட்டியிருப்பார் என்று எதிர்பார்க்கப்படுகிறது. கலை நடவடிக்கைகளை நடத்தித் தரும் தொண்டூழியர்களின் தேவையும் கூடும். நீங்களும் போக நினைத்தால் என்ன தெரிந்திருக்கவேண்டும்?

கலை நடவடிக்கையும் கலைச் சிகிச்சையும் ஒன்றா?

இல்லை. கலைச் சிகிச்சையை அதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் நடத்தவேண்டும். நோயாளியின் மனநிலை, சிகிச்சைக்கான இலக்கு ஆகியவற்றைக் கவனித்து அவர் செயல்படுவார். சிங்கப்பூரில் லசால் கலைக் கல்லூரி 2006ஆம் ஆண்டிலிருந்து அதற்கு முதுநிலைப் பட்டப்படிப்பை வழங்குகிறது.

'கலைச் சிகிச்சை' என்ற சொல் பரவக் காரணமானவர் பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில். காசநோயால் சிகிச்சை நிலையத்தில் இருந்தபோது ஓவியம் தமக்கு உதவியதை உணர்ந்து, மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். 1942இல் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்.

தொண்டூழியராகப் போகும் நீங்கள் நடத்துவது கலை நடவடிக்கை. ஒருவர் வரைந்த படத்தைப் பார்த்து "இவருக்கு மனத்துல இதுதான் கவலை" என்று விளக்கம் சொல்வது உங்கள் வேலை அல்ல. யாராவது அழுதால் அருகில் இருங்கள். பிறகு தாதியரிடம் சொல்லுங்கள்.

உண்மையிலேயே பலன் உண்டா?

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, கலைக்கும் நலத்துக்கும் உள்ள தொடர்பு குறித்த 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. நோய்த் தடுப்பிலிருந்து அந்திமகாலப் பராமரிப்பு வரை கலைக்குப் பங்கு உண்டு என்று அது சொல்கிறது.

ஆனால் வரைவதால் முதுமை மறதி நோய் குணமாகாது. குடும்பத்தாரிடம் அப்படிச் சொல்லி நம்பிக்கை ஊட்டாதீர்கள். பதற்றம் தணியலாம், பேசாதவர் பக்கத்தில் இருப்பவருடன் பேசலாம், ஒரு மணி நேரம் நல்லபடியாகப் போகலாம். அதுவே பெரிய விஷயம்.

முதுமை மறதி நோய் உள்ளவரிடம் எப்படிப் பேசுவது?

சிங்கப்பூரில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 11 பேரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பதாக மனநலக் கழகத்தின் ஆய்வு குறிப்பிட்டது. எனவே நீங்கள் போகும் இடத்தில் அத்தகையோர் நிச்சயம் இருப்பார்கள்.

அவர்களிடம் "இது யார், ஞாபகம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். அது தேர்வு வைப்பதுபோல் ஆகிவிடும். பதில் வராவிட்டால் அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். "இந்தப் படத்துல இருக்கிறவங்க எங்க போறாங்கன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். தவறான பதிலே இல்லாத கேள்வி அது.

ஒரே நேரத்தில் பத்து வண்ணங்களைப் பரப்பவேண்டாம். இரண்டு, மூன்று போதும். மாலையில் குழப்பம் கூடும் நோயாளிகள் பலர் உண்டு. காலை நேரம் நல்லது.

கை சரியாக அசையாதவர் என்ன செய்வார்?

• பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்திருந்தால் தாளை மேசையில் டேப் போட்டு ஒட்டுங்கள். அது நகராது.
• பிடிக்கச் சிரமப்படுவோருக்குத் தூரிகையின் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்குங்கள்.
• பக்கவாதத்துக்குப் பிறகு சிலர் ஒரு பக்கத்தில் இருப்பதைக் கவனிக்கமாட்டார்கள். பொருள்களை எந்தப் பக்கம் வைப்பது என்று சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.
• படுத்த படுக்கையாக இருப்பவர் நிறத்தைச் சொல்லலாம், நீங்கள் பூசலாம். படம் அவருடையதே.

ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே வண்ணத்தாள்களைக் கத்தரித்துப் படைப்புகளை உருவாக்கினார். இன்று அவை உலகப் புகழ்பெற்றவை.

தமிழ் பேசும் மூத்தோருக்கு?

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் ஹொக்கியனோ மலாயோ பேசும்போது, தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி நாள்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கக்கூடும். படம் வரைய மொழி தேவையில்லை. ஆனால் "வாங்கம்மா, இங்க உட்காருங்க" என்று கூப்பிட மொழி வேண்டும்.

கறுப்பு அட்டையில் சாக்குக்கட்டியால் புள்ளி வைத்துக் கொடுங்கள். பெயர்கள் மறந்துபோனவருக்கும் பல்லாண்டு கோலம் போட்ட கைப்பழக்கம் மிஞ்சியிருக்கலாம். மாவுப்பொடி வேண்டாம், மூச்சுப் பிரச்சினை உள்ளோருக்கு அது ஆகாது.

அவரை எப்படி அழைக்கலாம் என்று கேளுங்கள். எல்லாரும் தாத்தா, பாட்டி என்று அழைக்கப்படுவதை விரும்புவதில்லை.

எதில் கவனமாக இருக்கவேண்டும்?

• மணி, பொத்தான் போன்ற சிறு பொருள்களைச் சிலர் வாயில் போட்டுவிடலாம். நச்சற்ற வண்ணங்களையே கொண்டுசெல்லுங்கள். வண்ணம் கழுவும் நீரைக் குடிநீர்க் குவளையில் வைக்காதீர்கள்.
• நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் இருக்கும் வார்டுகளில் பூ, களிமண் அனுமதிக்கப்படாமல் போகலாம். முன்கூட்டியே கேளுங்கள்.
• சளி, காய்ச்சல் இருந்தால் போகாதீர்கள்.
• அனுமதி இல்லாமல் படம் எடுக்காதீர்கள். நோயாளியால் முடிவெடுக்க முடியாவிட்டால் இல்லத்திடம் கேளுங்கள்.
• "அடடா, பாப்பா மாதிரி அழகா வரைஞ்சிருக்கீங்க!" வேண்டவே வேண்டாம். 80 வயது வாழ்ந்தவரிடம் பேசுகிறீர்கள்.
• "வேண்டாம்" என்று சொன்னால் விட்டுவிடுங்கள். அதுவும் அவர் எடுத்த முடிவுதான்.

எங்கே தொடங்குவது?

இல்லத்தின் தொண்டூழிய ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள். முதல்முறை வெறுங்கையுடன் போய்ப் பாருங்கள். யாருக்கு என்ன முடியும் என்பது தெரியவரும். ஆறேழு பேர் கொண்ட குழுவும் 45 நிமிடமும் தொடக்கத்துக்குப் போதும்.

உங்கள் வீட்டு மூத்தவர் வெளியே வரக்கூடியவர் என்றால், சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தில் மூத்தோருக்காக 2023இல் திறக்கப்பட்ட 'ரியூனியன்' இடத்துக்கு அழைத்துச் செல்லலாம். முதுமை மறதி நோய் உள்ளோரையும் மனத்தில் வைத்து அது அமைக்கப்பட்டது. போகுமுன் திறந்திருக்கும் நேரத்தைச் சரிபாருங்கள்.

ஒன்று மட்டும்: தீபாவளிக்கு ஒருமுறை கூட்டமாகப் போய்வருவதைவிட, மாதம் ஒருமுறை இருவர் தவறாமல் போவது மேல். வருவதாகச் சொன்ன நாளில் போய்விடுங்கள். அங்கே யாராவது காத்திருப்பார்கள்.