யாரை எங்கே நிறுத்துவது?

நம் வயதுக்காரர்களுக்கு ஒலிம்பிக் நீச்சல் என்றதும் மார்க் ஸ்பிட்ஸ்தான் ஞாபகத்துக்கு வருவார். 1972 மியூனிக்கில் ஏழு தங்கம் வாங்கினாரே, அவர்தான். அந்தக் காலத்தில் ஆண்களுக்குத் தனிப் போட்டி, பெண்களுக்குத் தனிப் போட்டி. இருபாலரும் ஒரே அணியில் நீந்திய முதல் ஒலிம்பிக் இறுதிப் போட்டி 2021 ஜூலை 31 அன்று டோக்கியோவில் நடந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு, அதில் நீச்சலைவிடக் கணக்குதான் அதிகம் பிடித்துப்போனது.

விதி எளிது. அணிக்கு இரண்டு ஆண்கள், இரண்டு பெண்கள். ஆளுக்கு 100 மீட்டர். முதலில் மல்லாந்து நீந்தும் பேக் ஸ்ட்ரோக், அடுத்து தவளை மாதிரி நீந்தும் பிரஸ்ட் ஸ்ட்ரோக், பிறகு பட்டர்ஃபிளை, கடைசியில் ஃப்ரீஸ்டைல். இந்த வரிசை மாறாது. எதை ஆண் நீந்துவது, எதைப் பெண் நீந்துவது என்பது அணியின் விருப்பம். மொத்தம் ஆறு வழிகள்.

ஆணுக்கும் பெண்ணுக்கும் உள்ள இடைவெளி எல்லா வகையிலும் ஒன்றல்ல. டோக்கியோ சமயத்து உலக சாதனைகளைக் கழித்துப் பாருங்கள். பிரஸ்ட் ஸ்ட்ரோக்கில் 7.25 நொடி, பட்டர்ஃபிளையில் 6.03, பேக் ஸ்ட்ரோக்கில் 5.60, ஃப்ரீஸ்டைலில் 4.80. ஆக, இடைவெளி அதிகமுள்ள நடு இரண்டுக்கு ஆண்கள், முதலுக்கும் கடைசிக்கும் பெண்கள் என்பதே காகிதத்தில் வரும் விடை.

பிரிட்டன் அப்படியே செய்தது. கேத்லீன் டாசன் தொடக்கத்தில் கால் வழுக்கிப் பின்தங்கினார். ஆடம் பீட்டி பிரஸ்ட் ஸ்ட்ரோக்கை 56.78 நொடியில் முடித்தார். ஜேம்ஸ் கய் தனிநபர் பட்டர்ஃபிளையை விட்டுவிட்டு இந்த அணிக்காகக் காத்திருந்தவர். அவர் 50 நொடியில் முடித்து அணியை முன்னுக்குக் கொண்டுவந்தார். ஆனா ஹாப்கின் அதைக் காப்பாற்றினார். 3 நிமிடம் 37.58 நொடி, உலக சாதனை.

அமெரிக்கா நேர் எதிராகப் போட்டது. நடு இரண்டும் பெண்களுக்கு. கடைசியில் கேலப் டிரெஸ்ஸல். அன்று காலையில்தான் அவர் பட்டர்ஃபிளையில் உலக சாதனை படைத்திருந்தார். எவ்வளவு பின்தங்கினாலும் அவர் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை போலும். அவர் குதித்தபோது எட்டு நொடிக்கு மேல் பின்னால் இருந்தார்கள். ஃப்ரீஸ்டைலில் ஓர் ஆண் ஒரு பெண்ணை முந்தக் கிடைப்பது ஐந்து நொடிதான். போதாததற்கு, முன்னே போகிறவர்கள் கிளப்பும் அலை வேறு. 46.99 நொடியில் நீந்தியும் ஐந்தாம் இடம்தான் கிடைத்தது.

பிரஸ்ட் ஸ்ட்ரோக் நீந்திய லிடியா ஜேகபிக்கு வயது 17. குதித்ததும் கண்ணாடி நழுவி வாய்க்கு வந்துவிட்டது. அப்படியே நீந்தி முடித்தார். தோல்விக்கு அந்தப் பெண்ணைக் குறை சொல்வது நியாயமில்லை. நாலு நாள் முன்பு அவர் தனிநபர் தங்கம் வென்ற நேரமே 1 நிமிடம் 4.95 நொடி, பீட்டிக்கும் அதற்கும் எட்டு நொடி வித்தியாசம். தவறு நீரில் நடக்கவில்லை, பட்டியல் எழுதும்போதே நடந்துவிட்டது.

இன்னொரு கணக்கும் உண்டு. பெண்களை ஒலிம்பிக் நீச்சலில் முதன்முதலாகச் சேர்த்தது 1912 ஸ்டாக்ஹோமில். அங்கே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை ஆண்களில் ட்யூக் கஹானமோகு 63.4 நொடியிலும், பெண்களில் ஆஸ்திரேலியாவின் ஃபேனி டூராக் 82.2 நொடியிலும் வென்றார்கள். இடைவெளி 18.8 நொடி. அந்த வருஷம் அமெரிக்கா நீச்சலுக்குப் பெண்களை அனுப்பவே இல்லை. பயிற்சியும் வாய்ப்பும் கிடைத்தபின், டோக்கியோ சமயத்தில் இடைவெளி ஐந்து நொடிக்குள் வந்திருந்தது.

2024 பாரிஸில் அமெரிக்கா பட்டியலை மாற்றியது. முதல் இரண்டும் ஆண்கள், கடைசி இரண்டும் பெண்கள். டோக்கியோவில் தோற்ற அணியில் இருந்த டோரி ஹஸ்கியிடமே கடைசிச் சுற்றை ஒப்படைத்தார்கள். சீனாவை 0.12 நொடியில் முந்தி, 3 நிமிடம் 37.43 நொடியில் புதிய உலக சாதனையுடன் தங்கம் வாங்கிக் கொடுத்தார் அந்தப் பெண்.